பசு, பேய்க்குட்டி, புறா: பழைய வண்ணாரப்பேட்டை டி-ஷர்ட் பிரிண்டிங் கடை எப்படி?

லினக்ஸ், பிஎஸ்டி என்ற கணினி இயங்குதளங்களைப் பற்றிய ஜோக் போட்ட டி-ஷர்ட்டை எங்கே அடித்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால் கீழே லைனிங் துணியும் பட்டனும் விற்கிற கடை, பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. போர்டு கிடையாது. நடத்துகிற அக்கா தன் பெயரையும் நம்பரையும் நெட்டில் போடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியவில்லையாம். படியேறும்போதே மை வாசனை அடிக்கும், மொட்டை மாடியிலிருந்து புறாச் சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது பீஸ், ஒன்றிரண்டு கலர், ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் யோசிக்காமல் போங்கள். ஒரே ஒரு பீஸ், பல கலர் படம், டிடிஎஃப் (ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டுகிற முறை)தான் வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நாங்கள் வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துக் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) ஆட்கள். சிலர் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கு மொழிபெயர்ப்பு செய்கிறோம், சிலர் பிழை கண்டுபிடித்து எழுதி அனுப்புகிறோம், ஒருவர் வீட்டு இன்டர்நெட்டுக்குக் காவலாக பிஎஸ்டி வகைகளில் ஒன்றான ஓபன்பிஎஸ்டி போட்ட பழைய கணினிப் பெட்டி ஒன்றை ஓட்டுகிறார். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள், அன்றைக்கு ஒரு கல்லூரியில் மேசை போடுவதாக முடிவானது. வழக்கமாக இந்த மாதிரி மேசையில் சிடி, நோட்டீஸ், ஸ்டிக்கர் இருக்கும், பசங்க எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை நாங்கள் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து "இது என்னண்ணா?" என்று அவர்களே வந்து கேட்கவேண்டும் என்பது திட்டம். ஒரு ஜோக்கை விளக்கப் போனால் அதன் பின்னாலேயே கர்னல் (இயங்குதளத்தின் மையம்), பொதி (நிறுவுகிற மென்பொருள் மூட்டை), உரிமம் எல்லாவற்றையும் விளக்கவேண்டி வரும் இல்லையா, அதுதான் எங்களுக்குத் தேவை.

ஆனால் இந்த வகை ஜோக்கைத் துணியில் அடிப்பது சாதாரண வேலை இல்லை. அரசியல் போஸ்டரில் ஒரு எழுத்து மாறினாலும் விஷயம் புரிந்துவிடும். இங்கே ஒரு கோடு நீண்டாலோ ஒரு எழுத்து பெரிதானாலோ ஜோக் செத்துவிடும், தெரிந்தவன் பார்த்தால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நகர்ந்துவிடுவான்.

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் மென்பொருள் நிறுவுகிற ஏபிடி நிரலிடம் உதவி கேட்டால், கட்டளைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் 'இந்த ஏபிடிக்கு சூப்பர் பசு சக்தி உண்டு' என்று ஆங்கிலத்தில் சொல்லும். அது என்ன சக்தி என்று எங்கேயும் விளக்கம் இருக்காது. 'ஏபிடி மூ' என்று தட்டினால் அடைப்புக்குறி, சாய்கோடு, சிறுகோடு இவற்றை வைத்தே வரைந்த ஒரு பசு திரையில் வந்து 'இன்றைக்கு மூ என்று கத்தினாயா?' என்று கேட்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருக்கிற எழுத்துருவில்தான் அது பசு. சாதாரண எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போய்விடும். அக்கா எடுத்துத் தந்த முதல் புரூஃபில் அதுதான் நடந்தது, கூடவே டிசைன் மென்பொருள் தானாகவே கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, சிறுகோட்டை நீளக் கோடாக்கி வைத்திருந்தது. அப்படியே டெர்மினலில் (கட்டளை தட்டுகிற திரையில்) தட்டினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றுதான் பதில் வரும். லினக்ஸ், பிஎஸ்டி இரண்டுக்கும் முன்னோடியான யூனிக்ஸ் வகையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

இதை அக்காவிடம் சொன்னதும் அவர் செய்ததுதான் இந்தக் கடையை நான் இவ்வளவு தூரம் புகழக் காரணம். வேறு பிரிண்டர் என்றால் "சின்னக் கோடுதானே தம்பி, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு ஃப்ரேமைப் போட்டுவிடுவார்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் போன வருஷம் அப்படித்தான் சொல்லி உடைந்த பசுவையே அடித்துக் கொடுத்தார்கள், அந்தச் சட்டைகள் வீட்டில் பைக் துடைக்கிறதுக்குப் போயின. இந்த அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "இது எதுக்கு சிரிப்பு வரும்னு எனக்குச் சொல்லு, அப்பதான் எது மாறக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்த மென்பொருளில் தானாகத் திருத்துகிற வசதியை அணைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு டிசைனுக்கும் எங்களை எதிரில் உட்காரவைத்து எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்து, அர்த்தம் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் ஃபிலிம் எடுத்தார்.

ஏப்டிட்யூட் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். ஏபிடிக்கு ஒரு தம்பி நிரல் உண்டு, பெயர் ஏப்டிட்யூட். அது தன் உதவிப் பக்கத்தில் 'எனக்கு சூப்பர் பசு சக்தி கிடையாது' என்று ஒப்புக்கொள்ளும். அதனிடம் மூ என்றால் 'இந்த நிரலில் ஒளித்துவைத்த விளையாட்டு எதுவும் இல்லை' என்று பதில். சிறுகோட்டுக்குப் பக்கத்தில் வி என்ற எழுத்தை ஒன்று சேர்த்துக் கேட்டால் 'நிஜமாகவே எதுவும் இல்லை' என்னும். இரண்டு வி போட்டால் 'ஏற்கெனவே சொன்னேன் இல்லையா?' மூன்று போட்டால் 'நிறுத்து!' நான்கு போட்டால் 'சரி சரி, ஒன்று காட்டினால் போய்விடுவாயா?' ஐந்து போட்டால் 'நீயே ஜெயித்தாய்' என்று ஒரு தொப்பி மாதிரி ஒரு கோட்டுப் படம் வரும். ஆறு போட்டால் அது என்னவென்று சொல்லும்: பாம்பு விழுங்கிய யானை. குட்டி இளவரசன் கதைப் புத்தகம் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். வி என்பது இன்னும் விவரமாகச் சொல் என்பதற்கான வழக்கமான குறி, இங்கே அதையே நச்சரிப்பாக மாற்றிவிட்டார்கள். இந்த ஏழு பதிலையும் முதுகில் ஏழு வரியாக அடித்தோம், முன்பக்கம் வெறும் பசு. இன்றுவரை அதிகம் பேர் நிறுத்திப் படிக்கிற சட்டை அதுதான், படித்துக்கொண்டே போகிறவர் நான்காவது வரியில் சிரிக்க ஆரம்பிப்பார்.

இதன் தமிழ் வடிவமும் ஒன்று உண்டு. நம் ஊர் மாடு அம்மா என்றுதான் கத்தும், அதனால் 'இன்னிக்கு அம்மான்னு கூப்பிட்டியா?' என்று போட்டோம். இதில் கடைக்கு ஒரு குறை. அவர்களிடம் இருக்கிற தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய காலத்தவை, நாங்கள் கொண்டுபோன எழுத்தை ஒட்டினால் கட்டம் கட்டமாக வந்தது, எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறின. தமிழ் போடுகிறவர்கள் எழுத்தை வளைகோடாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள், அங்கே போய்த் தட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது புறா. இதுக்காகவே இந்தக் கடைக்கு இன்னொரு ஸ்டார் கொடுப்பேன்.

இணையம் எப்படி இயங்கவேண்டும் என்ற விதிகளை ஆர்எஃப்சி என்று வரிசை எண் போட்டு வெளியிடுவார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று 1149 என்ற எண்ணில் ஒன்று வந்தது, எழுதியவர் டேவிட் வெய்ட்ஸ்மன். இணையப் பொட்டலங்களை, அதாவது தகவல் துண்டுகளை, புறா மூலம் அனுப்புவது எப்படி என்று முழு அலுவல் மொழியில் எழுதியிருப்பார்: தகவலைக் காகிதச் சுருளில் அச்சடித்து, புறாவின் ஒரு காலில் சுற்றி, டேப் ஒட்டி அனுப்பவேண்டும். முட்டாள்கள் தின விளையாட்டு. ஆனால் இந்தக் கூட்டத்து ஆட்களிடம் ஒரு விளையாட்டைச் சொன்னால் யாராவது ஒருவர் அதைச் செய்தே காட்டிவிடுவார். 2001 ஏப்ரலில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழு நிஜப் புறாக்களை வைத்து அதை ஓட்டியது. பிங் அனுப்பினார்கள், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்டு 'இருக்கிறேன்' என்ற பதிலுக்குக் காத்திருப்பது. 9 பொட்டலம் போனது, 4 பதில் வந்தது, 55 சதவீதம் இழப்பு, சீக்கிரம் வந்த பதிலுக்கே 3,200 நொடிக்கு மேல் ஆனது. அந்த முடிவு அப்படியே டெர்மினலில் வருகிற வடிவத்தில் பதிவாகியிருக்கிறது, எங்கள் சட்டையில் அந்த வரிகளும் மேலே ஒரு புறாவும்.

பட்டறையில் ஸ்க்வீஜி (மை தள்ளுகிற ரப்பர் கட்டை) இழுக்கிறவர் அக்காவின் மாமனார். மொட்டை மாடியில் ஓமர் புறா வளர்க்கிறார், பந்தயத்துக்கு ஆந்திரா பக்கம் வண்டியில் அனுப்பி விடுகிற ஆள். வடசென்னையில் புறா என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு புறா வீடு திரும்பவில்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு இறங்காது. நாங்கள் கொண்டுபோன படத்தைப் பார்த்ததும் பெரியவர் முகம் மாறிவிட்டது. "இன்னாப்பா இது, சமாதானப் புறா மாரி கீது? இதுவா கடுதாசி தூக்கும்?" நெட்டில் எடுத்த படம், வாயில் இலையோடு வெள்ளையாக ஒன்று. அவரே பென்சில் எடுத்து வரைந்தார். நெஞ்சு முன்னால் தள்ளி, மூக்குக்கு மேலே அந்த வெள்ளைத் தடிப்பு, இறக்கைப் பட்டை, ஒரு காலில் பந்தய வளையம், இன்னொரு காலில் காகிதச் சுருள். அதை ஸ்கேன் செய்து கோடு போட்டுத்தான் ஃப்ரேம் ஆனது. எந்த நாட்டு ஆளிடமும் இவ்வளவு சரியான புறா போட்ட ஆர்எஃப்சி 1149 சட்டை இருக்காது என்று நான் நம்புகிறேன்.

கணக்கைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதையும் எழுதவேண்டும். "ஒம்போது உட்டு நாலுதான் வந்துச்சா? அப்போ பக்கத்து மாடிக்காரன் கூட்டத்தைக் கெளப்பி உட்டிருப்பான், இவுங்க புறா அதோட கலந்திருக்கும்." அப்புறம் தானே யோசித்து, "கால்ல டேப்பு சுத்துனா பறக்குமா? பாவம்டா" என்றார். விதியில் இன்னொரு வரி உண்டு, புறாவுக்கு வயது ஏற ஏற அது தூக்கும் பொட்டலத்தின் அளவு கூடும் என்று. அதைச் சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. வயசான புறாவுக்கு வழி நன்றாகத் தெரியும், ஆனால் எடை தூக்காது என்று அரை மணி நேரம் விளக்கினார். சரியாகச் சொன்னால் இந்த விதிக்குக் கிடைத்த முதல் உருப்படியான தொழில்நுட்பக் கருத்து அதுவாகத்தான் இருக்கும்.

பிஎஸ்டியின் சின்னமான பேய்க்குட்டிக்கு வருவோம். சிவப்பு உடம்பு, கொம்பு, கையில் சூலம், காலில் கேன்வாஸ் ஷூ. பட்டறையில் வேலை செய்கிற இன்னொரு அக்கா படத்தைப் பார்த்ததும் "இதை நான் தொடமாட்டேன், வீட்ல தெரிஞ்சா பிரச்சனை" என்றார். அவர் பயம் நியாயம், நாங்கள் வற்புறுத்தவில்லை, பெரியவரே அடித்தார். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போன பெண்ணிடம் 'நீ சாத்தானைக் கும்பிடுகிறவளா' என்கிற மாதிரி விசாரித்த கதை பிஎஸ்டி ஆட்களிடையே பிரபலம், ஆக நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பின்னணியில் சத்தமில்லாமல் வேலை பார்க்கிற நிரலை டீமன் என்பார்கள், 1960களில் அமெரிக்காவின் எம்ஐடியில் வைத்த பெயர், மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கற்பனை செய்த குட்டி பூதத்திலிருந்து எடுத்தது. பேய் என்றால் கெடுதல் செய்வது அல்ல, இரவெல்லாம் கண்விழித்து உனக்கு வேலை செய்வது.

அந்தப் பேய்க்குட்டியின் பிரபலமான படங்களை 1980களில் வரைந்தவர் ஜான் லாசட்டர். அவர்தான் பின்னாலே 1995இல் டாய் ஸ்டோரி படத்தை இயக்கினார். அந்தப் பட வரிசையில் வருகிறவர்களின் பெயர்களைத்தான் டெபியன் தன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வைக்கிறது, ஆரம்பத்தில் திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ் அப்போது அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில் வேலை பார்த்தவர். 2023இல் வந்தது புக்வார்ம், 2025இல் வந்தது டிரிக்ஸி. எப்போதும் உடைந்துகொண்டே இருக்கிற, வளர்ச்சியில் இருக்கும் பதிப்புக்கு மட்டும் பெயர் மாறுவதே இல்லை, அது என்றைக்கும் சிட், பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன். பேயும் பொம்மையும் ஒரே கையில் இருந்து வந்தவை என்று மேசையில் சொன்னபோது ஒரு மாணவி வாய் பிளந்து நின்றார்.

பேய்க்குட்டிப் படத்தின் உரிமை பிஎஸ்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ஷல் கிர்க் மெக்யூசிக்கிடம் இருக்கிறது, விற்பனைக்கு அடிக்கிறவர்கள் அவர் அனுமதியைக் கேட்கவேண்டும். நாங்கள் எங்களுக்கு மட்டும்தான் அடித்தோம். லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் வேறு கதை. 1996இல் லாரி யூவிங் வரைந்தது, யாராவது கேட்டால் தன் பெயரையும் வரையப் பயன்படுத்திய கிம்ப் மென்பொருளையும் சொன்னால் போதும் என்று தாராளமாக விட்டுவிட்டார். அக்கா இதை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஆர்டர் புத்தகத்தில் எழுதினார். உரிமம் பற்றிக் கேள்வி கேட்கிற பிரிண்டரை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

ஓபன்பிஎஸ்டிக்காரரின் சட்டையில் முள் மீன், அவர்கள் சின்னமான பஃபி. பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கிற காசிமேட்டுத் தம்பி பார்த்ததும் "ஐய, பேத்தை! வலையில வந்தா தூக்கிக் கடாசிடுவோம், விஷம்" என்றான். தாக்க வருகிறவனுக்கு விஷம், சும்மா விட்டால் சாது, இதைவிட நன்றாக ஒரு பாதுகாப்பு அமைப்பின் சின்னத்தை யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை. அதே ஆட்கள் 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற இணையப் பாதுகாப்பு மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு அதற்கு மாற்றாக லிப்ரெஎஸ்எஸ்எல் தொடங்கியபோது, அதன் இணையப் பக்கத்தைப் பலர் கேலி செய்கிற காமிக் சான்ஸ் எழுத்துருவில் மினுக்கும் எழுத்தோடு போட்டு, இந்தக் கொடுமையை நிறுத்தவேண்டும் என்றால் நன்கொடை கொடுங்கள் என்று கேட்டார்கள். அக்காவுக்கு அந்த ஜோக் மட்டும் பிடிபடவில்லை. அவர் பிறந்தநாள் பேனருக்கெல்லாம் அந்த எழுத்துருவைத்தான் போடுகிறார், "நல்லாத்தானே இருக்கு?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது.

சட்டை என்ன கலர் என்பதில் எங்களுக்குள் பெரிய தகராறு. எந்த ஜோக், எவ்வளவு துணி, யார் பணம் போடுவது எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது, கருப்பா கருநீலமா என்பது மட்டும் நாள்கணக்கில் ஓடியது. 1999 அக்டோபரில் பிஎஸ்டி வகையான ஃப்ரீபிஎஸ்டியில், சொன்ன நொடி வரை காத்திருக்கிற ஸ்லீப் கட்டளை நொடியின் பின்னத்தையும் ஏற்கலாமா என்று இப்படித்தான் முடிவில்லாமல் வாதம் ஓடியபோது, அந்தத் திட்டத்து நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் ஒரு கடிதம் எழுதினார். நிர்வாகத்தை நையாண்டி செய்து எழுதிய பார்க்கின்சன் 1957இல் சொன்னதை நினைவுபடுத்தினார்: அணு உலைக்குத் திட்டம் போட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், ஏனென்றால் புரியாது. சைக்கிள் கொட்டகை என்றால் ஆளாளுக்குக் கருத்து சொல்வார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் புரியும். அன்றிலிருந்து உலகம் முழுக்க நிரலாளர்கள் இந்த மாதிரி வாதத்தை சைக்கிள் கொட்டகை என்றுதான் சொல்கிறார்கள். கடைசியில் நெஞ்சில் கொட்டகைப் படம், சட்டையின் கலர் அவரவர் இஷ்டம் என்று ஆனது. ஒரே ஆர்டரில் ஆறேழு கலர் துணி என்றால் பிரிண்டருக்குத் தொல்லை, மை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். அக்கா கோபப்படாமல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பூச்சு வெள்ளை மை போட்டு மேலே கருப்பு இழுத்துக் கொடுத்தார், பீஸுக்கு 20 ரூபாய் கூட ஆனது.

இரவு ஜோக்தான் சொதப்பல். யூனிக்ஸில் கையேட்டைத் திறக்கிற கட்டளையின் பெயர் மேன். 2011இல் அதைப் பராமரிக்கிற காலின் வாட்சன் ஒரு குறும்பு செய்தார், நள்ளிரவு தாண்டி சரியாக 12:30க்கு அதை வெறுமனே ஓட்டினால் 'கிம்மி கிம்மி கிம்மி' என்று சொல்லும். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு ஆண் வேண்டும் என்று ஏங்குகிற ஆபா குழுவின் பாட்டைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பல வருஷம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. 2017இல் ஒருவருடைய தானியங்கிச் சோதனைகள் 12:30 ஆனால் மட்டும் தோற்றுப்போக, அவர் தோண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். வாட்சனும் அடம்பிடிக்காமல் எடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான். சிரிப்புக்காக வைத்தது இன்னொருவர் வேலையைக் கெடுத்தால் எடுத்துவிடவேண்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றால் காப்பாற்றவேண்டும். பிஎஸ்டியில் கோப்பு அமைப்பைச் சரிசெய்கிற டியூன்எஃப்எஸ் கட்டளையின் கையேட்டில் 'கோப்பு அமைப்புக்குச் சுருதி சேர்க்கலாம், மீனுக்குச் சுருதி சேர்க்க முடியாது' என்று ஒரு வரி உண்டு (ஆங்கிலத்தில் 'டியூன் எ ஃபிஷ்' என்பது டூனா மீன் மாதிரி ஒலிக்கும்), அதை எடுத்தால் கணினிக் கடிகாரம் சுற்றித் திரும்புகிற காலம் வரை ஒரு யூனிக்ஸ் பேய் உன் பின்னாலேயே வரும் என்று மூலநிரலில் சாபமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த இரவு வரியை இருட்டில் மட்டும் ஒளிரும் ரேடியம் மையில் அடிக்கச் சொன்னோம். அருமையான யோசனை, ஆனால் கடையால் முடியவில்லை. மை தடிமனாக விழுந்தது, ஒளிர்வது மங்கல், சில துவையலிலேயே பொருக்கு விட்டது. இதற்குப் பெரிய கண் உள்ள மெஷ் வேண்டுமாம், தன்னிடம் இல்லை என்பதை அக்கா அடிப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார், இருந்தாலும் இந்த இடத்தில் மார்க்கைக் குறைக்கிறேன்.

இரண்டு டிசைன்களை அடிக்காமல் விட்டோம். ஒன்று எல்லாக் கோப்பையும் அழிக்கிற ஆர்எம் கட்டளை. இப்போது அது ரூட்டை (எல்லாக் கோப்பும் அடங்கிய அடி அடைவை) நேரடியாக அழிக்க மறுக்கும் என்றாலும், புதிதாக வருகிற பையன் சட்டையைப் பார்த்து வீட்டில் தட்டிப் பார்த்து தன் கோப்புகளை இழந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இன்னொன்று சூடோ திட்டுகள். சூடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டுகிற நிரல். சூடோவில் இன்சல்ட்ஸ் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால், கடவுச்சொல்லைத் தப்பாகத் தட்டும்போதெல்லாம் அது நம்மைக் கலாய்க்கும். எங்க ஏரியாவில் கலாய்க்கிறது என்பது பாசம், எனக்கு மிகவும் பிடித்த வசதி அது, என் கணினியில் வைத்திருக்கிறேன். ஆனால் அக்கா கேட்டார், "இதைப் போட்டுக்கிட்டு முதல் தடவை வர்ற பொண்ணு முன்னாடி நின்னா, அது தன்னைச் சொல்றதா நினைக்காதா?" சரியான கேள்வி. தெரிந்தவன் தெரிந்தவனைக் கலாய்ப்பது வேறு, வாசலில் நிற்கிறவரைக் கலாய்ப்பது வேறு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் கடுமையான பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். அடுத்த வருஷம் லினக்ஸ் கர்னலின் 4.20 பதிப்புக்கு அப்புறம் 5.0 என்று எண்ணை மாற்றியபோது, எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார். அந்த மாதிரி ஜோக் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், யாருக்கும் வலிக்காது.

இனி துணி, விலை. திருப்பூர் துணி, 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ் செய்தது. மூன்று மாசத்துக்கு மேல் துவைத்தும் பசு உடையவில்லை, சுருங்கலும் பெரிதாக இல்லை. ஒரு கலர் பிரிண்ட் 30 பீஸுக்கு மேல் என்றால் துணியோடு பீஸ் 240 ரூபாய், இரண்டு பக்கம் என்றால் 280. ஃப்ரேம் செலவு தனி, ஆனால் அதே ஃப்ரேமை ஆறு மாசம் வைத்திருப்பார்கள், மறுபடி அடித்தால் அந்தக் காசு இல்லை. பெண்களுக்கான அளவு கேட்டால் சின்ன சைஸ் ஆண் சட்டையைத்தான் தருகிறார்கள், எங்களுடன் இருக்கிற பெண்கள் இதைப் பல தடவை சொல்லியும் மாறவில்லை, மாற்றிக்கொள்ளவேண்டும். டிடிஎஃப் வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறார்கள், 350 ரூபாய் கொடுத்து ஒருவர் எடுத்த பல கலர் பெங்குவின் ஓரத்தில் உரிகிறது, அதில் அக்காவின் கை இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

சொன்ன தேதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின மாசமும் தேர்தல் நேரமும் போகவே போகாதீர்கள். மெட்ரோவில் வந்தால் வண்ணாரப்பேட்டையில் இறங்குங்கள், வண்டியில் வந்தால் எம்.சி. ரோட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இடம் இருக்காது. டிசைனைப் பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள், பசு மாதிரி எழுத்தால் வரைந்த படம் என்றால் டெர்மினலில் எப்படித் தெரியும் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து எடுத்துப் போங்கள், அக்கா இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். புறா டிசைனின் ஃப்ரேம் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது, பெரியவர் யார் கேட்டாலும் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மதியம் 4 மணிக்கு மேல் போகாதீர்கள், அவர் மாடிக்குப் போய்விடுவார்.